கூரையில் செருகி வைத்த கடிதம்

அம்மிணி,

இன்று காலை தபால்காரர் எங்கள் வாசலில் ஒரு கார்டைப் போட்டுவிட்டுப் போனார். நான்கு ஓரமும் கறுப்பு. மருமகள் பார்த்தவுடனே, "மாமா, அதை உள்ள கொண்டாராதீங்க. அங்கயே படிச்சுக் கிழிச்சுப் போட்டுருங்க" என்றாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். கோபிசெட்டிபாளையத்தில் என் வீட்டுக்காரியின் சித்தப்பா மகன் காலமாகிவிட்டாராம். வீட்டுக்கு வந்த கடிதத்தை நானே படித்தது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. வருத்தப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது. கார்டை மடியில் வைத்துக்கொண்டே இதை எழுத ஆரம்பித்தேன்.

ஆமாம், உங்கள் மருந்து மாட்டுவண்டியை ஓட்டிய மாரப்பன் எழுபது வயதில் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். சாயங்காலம் தறிக் குடோனில் முதியோர் வகுப்பு நடக்கிறது. 'ழ' போட்டு முடித்ததும் நோட்டைத் தள்ளிப் பிடித்து ஒரு முறை பார்த்துக்கொள்வேன். அவ்வளவு அழகாக இருக்கும்.

ஐம்பதுகளில் நீங்கள் சீமையிலிருந்து மிஷன் நர்ஸாகக் கருமத்தம்பட்டிக்கு வந்தபோது உங்களுக்கு வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை, தண்ணீரும் ஒத்துக்கொள்ளவில்லை. கையெல்லாம் வேர்க்குருவோடு வண்டியில் ஏறுவீர்கள். சில ஊர்களில் கிணற்றுப் பக்கம் வரவிட மாட்டார்கள். ஊசி போட்டுக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவீர்கள் என்று பிள்ளைகளை ஒளித்து வைப்பார்கள். நீங்கள் மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது வருவார்களா என்று பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பீர்கள்.

யார் சொல்லிக் கொடுத்தார்களோ, எல்லாரிடமும் 'ங்க' போட்டுப் பேசுவீர்கள். நம் மயிலைக் காளையிடமும் அப்படித்தான். "ஏனுங்க மயிலை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க." இதைக் கேட்டுச் சிரிக்கவே பெண்கள் கூடினார்கள். ஒருத்தி கேட்டாள், "ஏனுங் தொரசானி, உங்கூர்ல மாப்பிள்ளை பஞ்சமுங்களா?" நீங்கள் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னீர்கள், "மாப்பிள்ளைக்குப் பஞ்சமில்லீங்க. என்னைப் பொறுத்துக்கறவருக்குத்தான் பஞ்சமுங்க." அடுத்த வாரம் அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் தபால் ஆபீஸுக்குப் போய் உங்கள் கடிதங்களை வாங்கி வருவது என் வேலை. ஒரு வருடம் உங்கள் அம்மா உடம்பு முடியாமல் கிடந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து, "மாரண்ணா, காயிதம் வந்துச்சுங்களா?" என்பீர்கள். "இல்லீங் அம்மிணி" என்று சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த உறை வந்தது. உங்கள் நாட்டுத் தபால்தலை, நான்கு ஓரமும் கறுப்பு. எழுத்துத் தெரியாதவனுக்கும் கடிதத்தில் இரண்டு சங்கதி தெரியும். மூலையில் மஞ்சள் இருந்தால் நல்ல சேதி, கறுப்பு இருந்தால் சாவு. நான் படித்திருந்த படிப்பு அவ்வளவுதான். தபால் ஆபீஸில் இருந்தவர் அதை நுனிவிரலால் தள்ளினார். "மாரா, பாத்துக்கோ. இதை ஊட்டுக்குள்ள கொண்டு போயராத."

அந்த வாரம் பக்கத்து ஊரில் வாந்திபேதி. பத்து நாளாக உங்களுக்குச் சரியான சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. பேதி நிற்கட்டும், வெளியில் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகவும் மனம் வரவில்லை. மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்தேன்.

பேதி நின்றது. நீங்கள் முதல் முறையாக ஒரு முழு இரவு தூங்கி எழுந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க என்னால் முடியவில்லை. நாளைக்கு என்று தள்ளினேன். ஒரு வாரம் போனபின், இத்தனை நாள் ஏன் தரவில்லை என்று கேட்பீர்களே என்ற பயம் பிடித்துக்கொண்டது.

நீங்கள் ஞாயிறுதோறும் உங்கள் அம்மாவுக்குக் கடிதம் எழுதினீர்கள். ஐந்து கடிதம், அம்மிணி. ஐந்தையும் நான்தான் தபால் பெட்டியில் போட்டேன். ஒன்றில் ஆவாரம்பூ வைத்து ஒட்டினீர்கள். "எங்கம்மாவுக்கு மஞ்சப்பூன்னா உசுருங்க மாரண்ணா. பாத்தா எந்திரிச்சு உக்காந்துக்குவாங்க" என்றீர்கள். பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

ஆறாவது வாரம் உங்கள் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. கறுப்பு இல்லை. அதனால் நானும் தைரியமாக வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து கொடுத்தேன். நீங்கள் ஒரு கையில் மருந்துக் கிண்ணத்தைப் பிடித்தபடி, நின்றுகொண்டே பிரித்தீர்கள். அம்மாவின் துணிமணிகளை யாருக்குக் கொடுப்பது என்று அண்ணன் கேட்டிருந்தாராம். கிண்ணம் கீழே விழுந்தது.

"மாரண்ணா, இதுக்கு முந்தி ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

நான் கூரையிலிருந்து எடுத்து வந்து நீட்டினேன். உறை முழுக்கப் புகையும் சாணமும் மணத்தது. "சாவுக் காயிதம்ங்க. ஊட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுங்க" என்றேன்.

நீங்கள் திட்டியிருக்கலாம். கறுப்பு ஓரத்தை விரலால் தடவிவிட்டு மெதுவாகச் சொன்னீர்கள். "எங்கூர்ல இந்தக் கறுப்பு எதுக்குன்னு தெரியுங்களா? பிரிக்கறதுக்கு முந்தி உக்காந்துக்கோன்னு சொல்றதுக்குத்தானுங்க."

என்னால்தானே அம்மிணி அந்தச் சேதியை நீங்கள் நின்றுகொண்டு கேட்டீர்கள்.

மூன்று நாள் வண்டியில் பேச்சில்லை. நான்காம் நாள் மயிலையிடம் "ஏனுங்க" என்றீர்கள். அதற்கப்புறம் என்னிடம் பேசினீர்கள். சில நாள் கழித்து ஒரு சிலேட்டு வாங்கி வந்து, "உக்காருங்க மாரண்ணா, படிக்கலாம்" என்றீர்கள். அந்த வீட்டில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. "மாட்டுக்காரனுக்கு எதுக்குங்க எழுத்து" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். நீங்கள் சிலேட்டை ஆணியில் மாட்டி வைத்தீர்கள். உடம்பு முடியாமல் நீங்கள் ஊர் திரும்பிய நாளில் அது அங்கேயேதான் தொங்கியது. அறுபதுகள் முடிவதற்குள் உங்கள் சாவுச் சேதியும் வந்துவிட்டது. வேதக் கோயில் முற்றத்தில் பாதிரியார் படித்துச் சொன்னார். மாட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டு கேட்டேன்.

இதை எழுத ஆரம்பித்து இன்று எட்டாவது நாள். ஒரு வழியாக மடல் முடிகிறது. இத்தனை வருடமாக வீட்டில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும், கல்யாணப் பத்திரிகையே ஆனாலும், "மொதல்ல உக்காரு, அப்பறம் பிரி" என்பேன். பேரப்பிள்ளைகள் கேலி செய்வார்கள். ஏன் என்று இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. ஆனாலும் உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறேன். நீங்கள் நின்றுகொண்டே பிரிக்கலாம், அம்மிணி.

மாரப்பன்