வசந்தி பேசாத காலை

ஜூன் 10, செவ்வாய்
விடிஞ்சதுல இருந்து தூறல். துணி காயல. மருமக வசந்திக்கு வலது கை ரெண்டு தரம் பிடிச்சு விட்டது. விரல் விரியல. கஞ்சி அரைக் கோப்பை, பாதி தாடையில.

ஆராய்ச்சி மிஸ் வந்தாங்க. பக்கவாதம் வந்தவங்க எப்ப ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, பொறகு எப்படித் தேறுறாங்கன்னு தேயிலைத் தோட்டம் தோட்டமாப் போய் எழுதுறாங்க. கைப் பயிற்சியைத் தினம் குறிக்கத் தாள் குடுத்தாங்க. அது அவங்களுக்கு. நான் எழுதுற இந்தக் கொப்பி எனக்கு.

"வசந்தி கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்கும்மா?"

"பத்து மணிக்கு, மலையில. கொழுந்து நிறுக்குற வரைக்கும் கங்காணி விடல."

எழுதிக்கிட்டாங்க. எழுதட்டும். எங்க வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக் கெடந்தப்ப ஆஸ்பத்திரிக்கு லொறி இல்லன்னவன் அந்தக் கங்காணி. இருபத்திரெண்டு வருசம். மறப்பேனா?

வசந்தி என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா.

ஜூன் 12, வியாழன்
பனி. எதிர் லயத்து வீட்டு வரிசை தெரியல. வாங்க: சவர்க்காரம், நல்லெண்ணெய், சீனி.

மகன் கொழும்புல இருந்து போன். "கங்காணியை விடமாட்டேம்மா. யூனியன்ல எழுதிக் குடுத்துட்டேன்." நல்லதுன்னு சொல்ல வந்தேன். சீனி தீந்துருச்சுன்னு சொல்லி வச்சுட்டேன்.

பக்கத்துக் காம்பராவுல குடியிருக்குற ராணி சொல்றா: "கங்காணி பொண்டாட்டி அழுவுது பெரியம்மா. அவருதான் வசந்தியை முதுகுல தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாராம்."

ஓடினான். எனக்கும் தெரியும்.

பத்து மணி இல்ல. காலை ஆறு. இங்க எழுதிட்டேன்.

அன்னைக்கு நானும் வசந்தியும் பேசிப் பதினோரு நாள். அவ அம்மா ஊருத் திருவிழாவுக்கு, வட்டகொடைக்கு, என்னைக் கேக்காமப் போனா. அந்தக் கோவம். காலையில தேத்தண்ணி கொண்டாந்தா. கோப்பை சாய்ஞ்சு என் சீலையெல்லாம். பேசக்கூடாதுன்னு இருந்த நானே கேட்டேன், "கண்ணு அவிஞ்சு போச்சா?" பதில் இல்ல. வாய் ஒரு பக்கமா இழுத்துச்சு. பழிப்புக் காட்டுறான்னு நெனச்சேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? போ, பெரட்டுல பேர் கூப்பிட நேரமாச்சு."

கூடையை எடுத்துக்கிட்டு ஏறினா. ஒரு கால் இழுத்துச்சு. அதையும் திமிருன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு
மழை. கோயிலுக்குப் போகல. விரல் விரியல. மகன் போன் பண்ணினான். நான் எடுக்கல.

ஜூன் 17, செவ்வாய்
கொஞ்சம் வெயில். மிஸ் வந்தாங்க. தேத்தண்ணி குடிக்கட்டும்னு பார்த்தேன். அதுக்குள்ள வாய் முந்திருச்சு.

"அந்த மணியை வெட்டுங்க மிஸ். ஆறு. வீட்டுலயே வந்திருச்சு. நான்தான் மலைக்கு வெரட்டினேன்."

மிஸ் எழுதுறதை நிப்பாட்டிட்டாங்க. "குத்தம் கண்டுபிடிக்க வரலம்மா. சரியான மணி தெரிஞ்சாத்தான் அடுத்தவங்களுக்கு உதவும்."

"ஆறுக்கே கொண்டு போயிருந்தா பேசியிருப்பாளா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. சில பேரு தேறுவாங்க."

"இவ?"

மிஸ் வசந்தி பக்கம் திரும்பி, "ஆறு மணியாம்மா?"ன்னாங்க. வசந்தி இடது கையைத் தூக்கினா. அஞ்சு விரல். மடக்கிட்டு, திரும்ப ஒண்ணு.

எல்லாம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தனை நாளும் நான் சொன்ன பத்து மணியை அவ கேட்டுக்கிட்டுக் கெடந்திருக்கா.

மகனுக்குச் சொன்னேன். கங்காணி மேல குத்தமில்ல, யூனியன்ல எழுதிக் குடுத்ததைத் திரும்ப வாங்கிருன்னு. போனை வச்சுட்டான்.

மத்தியானம் சோறு பிசைஞ்சு கொண்டு போனேன். மொகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. "என் மேல கோவம்னா வயித்து மேல ஏன்டி காட்டுற?"ன்னேன். திரும்பல.

ராணியைக் கூப்பிட்டேன். அவ கையால பூராவும் சாப்பிட்டா.