சரியாகாமல் மூடியவை

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி ஆய்வகத்திலிருந்து இன்றும் அதே சிஸ்டர் போனில். "ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எங்க திரையில இருக்கும்மா, வார்டு கம்ப்யூட்டருக்குப் போகலை." எங்கள் கம்பெனி இன்ஜினியரிடம் சொன்னேன். எல்லோரும் அவரை மீசை என்றுதான் சொல்வோம். அவருக்கு முன்னால் அதுதான் அறைக்குள் வரும். சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டார். ரிசல்ட் போக ஆரம்பித்தது. டிக்கெட்டை மூடினேன். மதியத்துக்கு மேல் சிஸ்டர் மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் புது டிக்கெட், மறுபடியும் அணைத்துப் போட்டு, மறுபடியும் மூடி.

அம்மா இன்னும் இதை பஸ் டிக்கெட் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். "இன்னைக்கு ரெண்டு பேரும் எத்தனை டிக்கெட் கிழிச்சீங்க?" அக்கா சிரித்துக்கொண்டே விளக்கினாள்: எங்காவது கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று யாராவது கூப்பிட்டால் அதற்கு ஒரு எண் போடுவோம், அதுதான் டிக்கெட், சரியானதும் மூடிவிடுவோம்.

"சரியாகலைன்னா?"

"நாலு மணி நேரத்துல சரியாகிடணும்மா."

"கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா?" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

கேன்டீனில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள், "நீ ஏன் பத்தாவதோட நின்னுட்ட?" எதைச் சொன்னாலும் சிரிப்பாள், அதனால் அவள் பெயரே சிரிப்பு. நான் இருமுவதுபோல் இருமி, தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டேன்.

என்ன சொல்வது? அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன். வீட்டில் ஒருத்தி இருக்க வேண்டும். அக்கா வேலைக்குப் போகிறாள், அப்பா இல்லை, ஆகவே நான். அம்மா எழுந்து நடந்தபோது என் வகுப்பு எனக்காக நிற்கவில்லை. சின்னப் பிள்ளைகளோடு போய் உட்காரக் கூச்சம். அவ்வளவுதான். அக்காதான் சாரிடம் கெஞ்சி என்னை இங்கே சேர்த்தாள். "போன்ல மட்டும் விடுங்க சார், நல்லாப் பேசுவா." உண்மைதான். முகம் தெரியாதவர்களிடம் பேச எனக்குக் கூச்சமே இல்லை. முகம் இருந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

சார் என்றால் மேலாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். சுவரில் பெரிய திரை ஒன்று மாட்டியிருக்கிறார்கள், பலகை என்போம். ஒவ்வொரு டிக்கெட்டும் அதில் ஒரு வரி. திறந்தால் பச்சை, நேரம் ஆக ஆக மஞ்சள், நாலு மணி நேரம் தாண்டினால் சிவப்பு. மஞ்சளைப் பார்த்ததும் கடிகாரம் சார் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். "மூடு, மூடு. திரும்பக் கூப்பிட்டா புதுசாத் திறந்துக்கலாம்." அதனால் எங்கள் பலகை எப்போதும் பச்சை. முதலாளி யாரை அழைத்து வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவார்.

மார்ச் 11, செவ்வாய்

ஆய்வகத்திலிருந்து காலையில் எனக்கு ஒரு அழைப்பு, சிரிப்புக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. எல்லாம் மூடியாகிவிட்டது. தலைவலி.

மார்ச் 12, புதன்

ஒருவர் இறந்துவிட்டார்.

நேற்று மதியம், ஆஸ்பத்திரியில். ரத்தத்தில் உப்பு ஏறியிருந்ததாம். ரிசல்ட் ஆய்வகத்திலேயே நின்றுவிட்டது, வார்டில் "இன்னும் வரலை போல" என்று காத்திருந்திருக்கிறார்கள். சிஸ்டர் இன்று போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நேத்து சரியாயிடுச்சுன்னு உங்க பக்கத்துல எழுதியிருக்காங்களேம்மா. எங்கே சரியாச்சு?" என்று மட்டும் கேட்டார்.

எழுதியது அக்கா. அவள் டிக்கெட் மஞ்சளுக்கு வந்தபோது சார் பின்னால் வந்து நின்றார். நான் பார்த்தேன். எப்போதும் நிற்கிற மாதிரிதான் நின்றார். மூடினாள்.

மார்ச் 13, வியாழன்

அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வரவேண்டாமாம். பொய்ப் பதிவு என்று எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த நேரத்துக்கான பதிவைக் கேட்டார்களாம். அந்த நேரத்தில் மூடியது அவள் டிக்கெட்தான்.

என்னுடையதும் பொய்தானே? அரை மணி நேரம் முன்னால் மூடினேன், அவ்வளவுதான் வித்தியாசம். நான் மட்டும் எப்படித் தப்பிச்சேன்? என்கிட்ட ஏன் யாரும் எதுவும் கேக்கலை?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

மார்ச் 17, திங்கள்

அக்கா வீட்டில் எல்லாவற்றையும் தேய்க்கிறாள். அடுப்பு, ஜன்னல் கம்பி, கதவுக் கொண்டி. அம்மா "விடுடி, தேய்ஞ்சிடும்" என்கிறாள். வேலை போனால் வீட்டு வாடகை என்ன ஆகும் என்று அம்மா கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது நன்றாகக் கேட்கிறது.

மாலை ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே அக்கா சொன்னாள்: "வேற எங்க கேட்டாலும் பழைய கம்பெனிக்கு போன் போட்டு விசாரிப்பாங்க. பொய் எழுதினவள்னு சொன்னா யாருடி எடுப்பா?"

"நீ மட்டுமா எழுதின?"

"என் பேர்தானே இருக்கு." துணியை உதறிப் போட்டுவிட்டு, "செத்துப்போனாரே, அவருக்கு என்ன வயசு இருக்கும்?" என்றாள்.

தெரியவில்லை. ஆண் என்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

எல்லோருக்கும் பயிற்சியாம். சேவை மேலாண்மைப் பயிற்சி, மூன்று நாள், முடிவில் சான்றிதழ். இத்தனை வருடம் கேட்டும் தராத முதலாளி இப்போது வெளியிலிருந்து ஆள் கொண்டுவருகிறார். மீசை சொன்னார், "ஆஸ்பத்திரிக்காரன் சொல்லிட்டான்ல, ஆளுங்களுக்குப் பயிற்சி குடு, இல்லைன்னா ஒப்பந்தத்தை ரத்து பண்ணிடுவேன்னு. நம்ம மேல பாசம்னு நினைச்சியா?"

என் பெயர் பட்டியலில் இல்லை, படிப்பு போதாது. ஆனால் கடிகாரம் சார் கூப்பிட்டார். "பழைய பட்டியல்படி உங்க அக்கா பேர்லயும் பணம் கட்டியாச்சு. சீட்டு வீணாப்போகும். நீ போய் உக்காரு."

தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்.

மார்ச் 24, திங்கள்

மேசையில் அக்காவின் பெயர் எழுதிய அட்டை. அதைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பயிற்சி கொடுப்பவள் அக்காவைவிட இரண்டு வயது கூட இருப்பாளோ என்னவோ. கடும் சளி, தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வருகிறது. "எனக்கு இன்னைக்குக் குரல் இல்லை. அதனால நீங்கதான் பேசணும்" என்றாள். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

முதல் கேள்வி: உங்கள் கம்பெனி எதற்காக உங்கள்மேல் இவ்வளவு செலவு செய்கிறது?

"சான்றிதழைச் சுவத்துல மாட்ட" என்றார் மீசை. "போட்டோ எடுத்துப் போட" என்றாள் சிரிப்பு. "கத்துக்கிட்டு வேற கம்பெனிக்கு ஓடறதுக்கு" என்று பின்னாலிருந்து ஒருவர். பெரிய சிரிப்பு. அவளும் சிரித்து, இருமி, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எதையும் தப்பு என்று சொல்லவில்லை. என் முறை வந்தபோது நான் மேசையைப் பார்த்தேன். கொஞ்சம் காத்திருந்து, அடுத்தவரிடம் போய்விட்டாள். அதற்காகவே அவளைப் பிடித்துப்போனது.

பிறகு ஒன்று சொன்னாள். ஒரு இடத்தில் வேலை நின்றால் அதை ஓடவைப்பது ஒரு வேலை. ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை நூறு தடவை செய்தாலும் இரண்டாவது முடிந்ததாக ஆகாது.

எல்லோருக்கும் ஆய்வகத்து நினைப்புதான் என்று எனக்குத் தெரிந்தது.

மார்ச் 25, செவ்வாய்

எப்படி எழுதுவது. கை இன்னும் சூடாக இருக்கிறது.

பயிற்சி கொடுப்பவள் எல்லோருக்கும் ஒட்டுகிற மஞ்சள் சீட்டு கொடுத்தாள். உங்களுக்குத் தெரிந்த ஒரு நிஜக் கோளாறை எடுங்கள், நடந்ததை ஒவ்வொன்றாகச் சீட்டில் எழுதி நேர வரிசைப்படி சுவரில் ஒட்டுங்கள், யார் தப்பு என்று எழுதவேண்டாம், என்ன நடந்தது என்பது மட்டும் போதும் என்றாள். "எதை எடுக்கலாம்?"

மீசை, பிரிண்டர் மை தீர்ந்துபோன கதையை எடுக்கலாம் என்றார். "ஆமா ஆமா, பிரிண்டர்" என்றார்கள். எல்லோருக்கும் நிம்மதி. பிரிண்டரில் யாரும் சாவதில்லை.

அக்கா வீட்டில் ஜன்னல் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

பேச வேண்டும் என்றால் என்னால் முடிந்திருக்காது. ஆனால் இது எழுதுவதுதானே. எழுதினேன்: "மார்ச் 11, காலை. ஆய்வக ரிசல்ட் வார்டுக்குப் போகவில்லை என்று அழைப்பு. சரியானதா என்று கேட்காமல் மூடினேன்." கீழே என் பெயர். எழுந்து போய் ஒட்டினேன். சீட்டு ஒட்டாமல் விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நின்றேன். திரும்பினால் எல்லா முகமும் இருக்கும், அதனால் திரும்பவில்லை.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. சிரிப்பு வந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் ஒன்றை ஒட்டினாள். அவள் சிரிக்கவில்லை. "இது ஒண்ணுதானா, அந்த வாரத்துது மட்டும் என்கிட்ட நாலு இருக்கு" என்று முணுமுணுத்தாள். அப்புறம் ஒருவர், அப்புறம் ஒருவர். மீசை கடைசியில் வந்தார். "அணைத்துப் போட்டேன்" என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக எழுதி ஒட்டிக்கொண்டே போனார். ஜனவரி வரைக்கும் போனது. சுவர் போதவில்லை, கதவிலும் ஒட்டினார்.

தனித்தனியாக எங்களுக்கு அது ஒவ்வொன்றும் புதுக் கோளாறு. சுவரில் பார்த்தால் ஒரே கோளாறு. நாங்கள் மூடி மூடி அதை மறைத்து வைத்திருக்கிறோம்.

அக்காவின் சீட்டை நான் எழுதினேன். அந்த வரிசையில் அது எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தேநீர் நேரத்தில் கடிகாரம் சார் வந்தார். கதவில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் படித்தார். கையை நீட்டினார், கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஓரம் தூக்கியிருந்த ஒரு சீட்டை அழுத்தி ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 26, புதன்

பயிற்சி முடிந்தது. போட்டோ எடுத்தார்கள். நான் பின்வரிசையில், சிரிப்பின் தோளுக்குப் பின்னால்.

அவள் முதல் நாள் கேட்டதற்கு இப்போது எனக்கு ஒரு பதில் இருக்கிறது. கம்பெனி பயந்துபோய்த்தான் செலவு செய்கிறது. ஒப்பந்தம் போய்விடும், பெயர் கெட்டுவிடும் என்ற பயம். அது பொய்யில்லை. ஆனால் யார் பயத்தில் கொடுத்தாலும் கற்றுக்கொண்டது எங்களிடம்தானே இருக்கப்போகிறது? ஜனவரியிலேயே யாருக்காவது பயம் வந்திருந்தால் அந்த மனிதர் இன்று—

இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

முதலாளி அறையில் பேச்சு. கதவு திறந்தே இருந்தது. "அந்தப் பொண்ணை அனுப்பிட்டோம்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிடலாமா?" என்று முதலாளி கேட்டார். கடிகாரம் சார் குரல்: "ஆளாளுக்கு எழுதி ஒட்டிட்டாங்க சார். இப்ப யாரைன்னு அனுப்புறது? அப்படிப் பார்த்தா மூடச் சொன்ன ஆளை முதல்ல அனுப்பணும்."

மார்ச் 31, திங்கள்

அக்காவைத் திரும்ப வரச்சொல்லி போன். பொய்ப் பதிவு என்பதை எடுத்துவிட்டார்களாம். அம்மா அழுதாள். அக்கா "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாத்திரத்தைத் தேய்த்தாள்.

"சந்தோஷம் இல்லையாக்கா?"

"வேலை மட்டும் திரும்பி வந்துடுச்சு" என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

புது முறை. கூப்பிட்டவர் சரி என்று சொன்னால்தான் டிக்கெட்டை மூடலாம். திரும்பத் திரும்ப வருகிற கோளாறுக்குத் தனியாக ஒரு பதிவு, காரணம் தெரியும்வரை அது திறந்தே இருக்கும். பலகை பாதி சிவப்பு. முதலாளி இப்போது யாரையும் அழைத்து வருவதில்லை.

ஆய்வகப் பதிவை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் மீசையின் மேசை முன்னால் போய் நிற்கிறாள். "ஏன்னு தெரிஞ்சுதாண்ணா?"

மீசை என்னிடம் அழாத குறை. "உங்க அக்காவைக் கொஞ்சம் லீவு போடச் சொல்லேன். கடன்காரன்கூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருவான்."

ஏப்ரல் 16, புதன்

மீசை கண்டுபிடித்துவிட்டார்! ஆய்வகத்தில் ஒரு பழைய மெஷின். நோயாளியின் எண்ணைப் பதிவதற்கு முன்பே ரத்தத்தை அதில் வைத்துவிட்டால், எண் இல்லாமலே ரிசல்ட்டை அனுப்புகிறது. அது யாருடையது என்று தெரியாமல் சர்வர் அங்கேயே நிற்கிறது. பின்னால் வருவதெல்லாம் அதன் பின்னாலேயே நிற்கிறது. இவ்வளவுதான். சரிசெய்ய ஒரு பகல் ஆனது.

ஒரே ஒரு பகல்.

ஏப்ரல் 24, வியாழன்

அக்கா ஆய்வகத்துக்கு போன் செய்தாள். சிஸ்டர் சொன்னது எனக்கும் கேட்டது: "அன்னையிலேர்ந்து ஒரு தடவைகூட நிக்கலைம்மா. நீ தாராளமா மூடிக்கோ." நன்றி சொல்லி வைத்தாள். மீசையும் தலையை நீட்டி, "மூடும்மா தாயே, எனக்கு விடுதலை குடு" என்றார்.

அக்கா பதிவைத் திறந்தாள். எல்லாம் நிரப்பியிருந்தது. காரணம், தீர்வு, தேதி. மூடு என்ற பொத்தான்மேல் அம்புக்குறியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன, நான் எடுத்துக்கொண்டேன்.

"நீ மூடுறியா?" என்றாள் என்னிடம், மெதுவாக.

"இன்னைக்கு வேணாம்க்கா" என்றேன். "இருக்கட்டும்."

சாயங்காலம் கிளம்பும்போது பலகையில் மற்ற வரிகள் எல்லாம் பச்சை. அது ஒன்று மட்டும் சிவப்பு. கடிகாரம் சார் அதன் முன்னால் வந்து நின்றார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். மூடச் சொல்லாமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.