பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு போன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? இதெல்லாம் போனில் கேட்க வேண்டியவை. நீ எடுப்பதில்லை. எடுக்காமல் இருக்க உனக்குக் காரணம் இருக்கிறது. கோபம் வந்தாலும் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

அப்பா போன அன்று, "அப்பாவை விட உனக்குப் பாடம் பெருசாப் போச்சா?" என்று கேட்டாய். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். என் மேல் தப்பில்லை என்று காட்டுவதற்கு அல்ல. நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை முடிந்ததும் நேராக இந்த ஊர் மொழி படிக்கப் போகிறேன். அந்தப் பரீட்சையில் தேறினால்தான் எங்களைத் தொடர்ந்து இங்கே இருக்க விடுவார்கள். பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் அறை அது. நாற்காலிகள் எல்லாம் குட்டி குட்டி. பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அதில் மடங்கி உட்கார்ந்து, சுவரில் ஒட்டிய யானைக்கும் முயலுக்கும் கீழே எழுத்துக்கூட்டுவோம்.

முதலில் ஒரு சுருட்டைமுடி டீச்சர் இருந்தார். நான் போன முதல் நாளே தாமதம். உள்ளே நுழையத் துணிவில்லாமல் வாசலில் நின்றேன். அவரே எழுந்து வந்து, பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏன் எதற்கு என்று கேட்காமல் பாடத்தைத் தொடர்ந்தார். அவர் வகுப்பில் அதுதான் சட்டம். வேலையிலிருந்து வருகிறவர்கள் எப்போது வந்தாலும் வரலாம். பசித்தால் சாப்பிடலாம். கை தூக்காதவரை எழுப்பிப் படிக்கச் சொல்ல மாட்டார். புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் அவரவர் மொழியிலேயே கேட்டுக்கொள்ளலாம். போனை அணைக்கச் சொல்லவே மாட்டார். "உங்க எல்லாருக்கும் வீடு தூரத்துல இருக்கு" என்பார். அங்கேதான் எனக்கு நாக்கு கொஞ்சம் திரும்பியது. காய்கறிக் கடையில் நானே கேட்டு வாங்கினேன் என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டேனே, அது அந்த நாட்களில்தான்.

போன பரீட்சையில் பாதிப் பேர் தேறவில்லை. பாடம் மெதுவாகப் போகிறது என்று சொல்லி அவரை மாற்றிவிட்டார்கள். புதிதாக ஒருவர் வந்தார். கெட்டவர் இல்லை அக்கா. எங்களை எப்படியாவது கரையேற்ற வேண்டும் என்று அவருக்கு உண்மையிலேயே ஆசை. மணி அடித்ததும் கதவைப் பூட்டினார். சொந்த மொழியில் பேசினால் எழுந்து நிற்க வேண்டும். போன்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போடச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நாங்களும் வரிசையில் நின்று போட்டோம்.

அன்றைக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது டப்பாவுக்குள் ஒரு போன் அதிரத் தொடங்கியது. தகரம் இல்லையா, அறையே கிடுகிடுத்தது. நின்றது, மறுபடி அதிர்ந்தது. அவர் கண்டுகொள்ளாமல் பாடம் நடத்தினார். டப்பா மெல்ல நகர்ந்து மேசை விளிம்புவரை வந்துவிட்டது. யாருடைய வீட்டுக்காரரோ சோறு கேட்கிறார் என்று என் பக்கத்தில் இருக்கும் தையல்காரி ஜாடை காட்டினாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் அக்கா.

நீ அப்பா காதோரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். நான் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

டப்பாவிலிருந்து எடுத்துப் பார்த்தபோது எல்லாம் உன் அழைப்புகள். தையல்காரி பார்த்துக்கொண்டிருக்க, படியிலேயே நின்று திருப்பிக் கூப்பிட்டேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஊருக்கு வரவும் வழியில்லை. இங்கே தங்குவதற்கான பேப்பர் கையில் இல்லாமல் கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். என் வீட்டுக்காரர், "இந்தப் படிப்பே வேணாம், விட்டுடு" என்றார். இயந்திரத்தில் துணியைப் போடுவதும் எடுப்பதுமாக நாள் போனது. ஒருநாள் அந்தத் தையல்காரி வீடு தேடி வந்தாள். அவள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவளுக்குத் தெரியாது. என் பக்கத்தில் உட்கார்ந்து, குவிந்து கிடந்த துணிகளை எல்லாம் மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் வகுப்பில் எல்லோருமாகச் சேர்ந்து அந்த டப்பாவை எடுக்கச் சொல்லிக் கேட்க, என்னையும் வகுப்பு நடத்துகிறவர்களின் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். புது வாத்தியாரும் அங்கே இருந்தார். ஆளுக்கு ஒரு வாக்கியம் பேசுவதாக ஏற்பாடு. இந்த மொழியில் நடந்து முடிந்ததைச் சொல்ல வினைச்சொல்லை மாற்ற வேண்டும். எனக்கு அது பிடிபடவே இல்லை. "அப்பா கூப்பிடுகிறார். போன் டப்பாவில் இருக்கிறது. நான் எடுக்கவில்லை" என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா, "அதுக்கென்ன, வெளிய போய்ப் பேசிட்டு வாங்க" என்று அன்பாகக் கதவைக் காட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் மறுபடியும் அதையே சொன்னேன். எனக்கு அதுதான் தெரியும். அப்போது வாத்தியாரின் முகம் மாறியது. அதுவரை அவருக்கும் விஷயம் தெரியாது. மிக மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சரியான சொல்லை எடுத்துக் கொடுத்தார். நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். கூப்பிட்டார். அப்பா கூப்பிட்டார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

இப்போது டப்பா இல்லை. போன் மேசைமேல் இருக்கலாம், எடுத்துப் பேசலாம். கதவு மட்டும் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. அதற்கும் கேட்கப் போகிறோம் என்கிறார்கள். சுருட்டைமுடி டீச்சர் திரும்பி வரவில்லை. நான் வகுப்புக்குப் போகிறேன். உனக்கு இது நெஞ்சழுத்தமாகத் தெரியலாம். இங்கேயிருந்து ஊருக்கு வந்துபோகும் உரிமை எனக்கு அந்தப் பரீட்சையில்தான் இருக்கிறது அக்கா. வேறு வழி தெரியவில்லை.

அப்பா என்னிடம் ஏதாவது சொல்ல நினைத்தாரா? உனக்குத் தெரிந்தால் சொல். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே சொல். என்னைத் தேற்றுவதற்காக எதையும் சேர்க்காதே.

சின்னவள், "பெரியம்மா ஏன் இப்பல்லாம் பேசுறதே இல்ல?" என்கிறாள். பெரியம்மாவுக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாவைத் தூக்கித் தூக்கியே உன் முதுகு போயிருக்கும், யாரிடமாவது காட்டு. நான் செய்ய வேண்டியதையும் சேர்த்து நீயே செய்தாய். எந்த நேரமானாலும் சரி, என்னைத் திட்டுவதற்காகவாவது ஒரு தடவை கூப்பிடு.

உன் காலைத் தொட்டு வணங்கும்
தங்கை