பிள்ளை இல்லை என்றொரு வரி

அன்பு மகள் ரோவீனாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அலாஸ்காக் குளிரில் நீயும் உன் பள்ளிப் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். வெர்மான்டில் பனி உருகித் தெருவெல்லாம் சேறு. மேப்பிள் பாகு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன், எல்லாவற்றையும் பிறருக்குக் கொடுத்துவிடாதே.

நம் ஊர் அமெரிக்க விடுதலைப் போர் வாரிசுகள் சங்கத்துக்கு நூறு வயதாகிறது, அதன் வரலாற்றை என்னை எழுதச் சொன்னார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, குளிர்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. சங்கத்தைத் தொடங்கியவள் என் கொள்ளுப்பாட்டி. முதல் சண்டையே தேநீருக்குத்தான், தளபதி வம்சத்துப் பெண்கள்தான் கெண்டியைப் பிடித்து ஊற்றுவார்களாம், நம்மைப் போன்ற சிப்பாய் வம்சம் கோப்பை தூக்க வேண்டுமாம். அதை நான் அப்படியே எழுதினேன், தலைவி ஆர்டிஸ் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். வைக்கோல் அறுக்கப் படையைவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து, அறுத்து முடித்துத் திரும்பிப்போன நம் மூதாதை எபனேசரையும் ஒப்புக்கொண்டாள். உன்னைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

குடும்பப் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே உன் பெயரை எழுதியிருந்தேன். கைக்குழந்தையாக உன்னைத் தத்தெடுத்தபோது தொட்டில் கொண்டுவந்து கொடுத்தவளே ஆர்டிஸ்தான். அவள் பென்சிலால் அதை அடித்துவிட்டு, பிள்ளை இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். நேரில் போய்க் கேட்டேன். "கோவிச்சுக்காதடி, சங்கத்துல ரத்த வழி மட்டும்தான், நான் போட்ட சட்டமா?" என்றாள். எபனேசரின் ரத்தத்தை நீ பார்த்தாயா, அவருக்கும் காகிதம்தானே சாட்சி, என் மகளுக்கு நீதிமன்ற முத்திரையே இருக்கிறது என்றேன். "உனக்கு எப்பவுமே வாய் ஜாஸ்தி, கோப்பை தூக்குற வம்சம்னா சும்மாவா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு, வேண்டுமானால் உன் பெயரும் வேண்டாம், பிள்ளை இல்லை என்பதும் வேண்டாம், இடத்தை வெறுமனே விட்டுவிடலாம் என்று பேரம் பேசினாள். உன்னை உறுப்பினராக்கு என்று நான் கேட்கவே இல்லை, ரோவீனா, நீயும் அதற்கு ஆசைப்பட்டவள் இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை என்று என் கையாலேயே அச்சுக்குக் கொடுக்கச் சொல்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

எழுதியதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கொள்ளுப்பாட்டியும் எபனேசரும் என் வீட்டு மனிதர்கள், அவர்கள் இல்லாமல் உன் சங்கத்தை எங்கிருந்து தொடங்குவாய் என்று வாசலில் நின்று கேட்டேன். சனிக்கிழமை நூற்றாண்டு விருந்து நடந்ததாம், கேக் இருந்ததாம், புத்தகம் இல்லையாம். போகாமல் வீட்டிலிருந்ததில் எனக்கு நிம்மதியும் இல்லை, அப்பாவிடம் எரிந்து விழுந்துகொண்டிருக்கிறேன். மறுநாள் ஆர்டிஸ் தொலைபேசியில் அழைத்து, மே மாதக் கடைசியில் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் நாள் வருகிறது, எபனேசரின் கல்லில் பாசி ஏறிக் கிடக்கிறது, யாரை அனுப்பட்டும் என்று கேட்டாள். சிறுமியாக இருந்ததிலிருந்து வருஷா வருஷம் அதைத் தேய்த்தவள் யார் என்று அவளுக்குத் தெரியும். யாரும் வர வேண்டாம், பிள்ளை இல்லாத வீட்டுக் கல் அப்படித்தான் கிடக்கும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு இருக்காதே. நல்லவர்கள் நடுவில் நெடுநாள் நன்றாக இரு. மே மாதக் கடைசியில் லீவு கிடைத்தால் வா, கல்லைத் தேய்க்கும் உன் மெல்லிய தூரிகை கொட்டகையில் அதே ஆணியில்தான் தொங்குகிறது.

என்றும்
உன் அம்மா