பன்னிரண்டு பேரும் வந்திருக்கிறார்கள்

நாள் 58, 10:05
பதிவு: இளங்கண்ணன், தொழில்முனைவுத் துறை, நிலாக் குடியிருப்புப் பல்கலைக்கழகம், வடக்குக் கட்டடம். இதைப் படிக்கும் நீங்கள் அநேகமாகத் தணிக்கைக்காரராகத்தான் இருப்பீர்கள். உட்காருங்கள்.

வணிக விளையாட்டு வகுப்பில் மாணவர்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு கம்பெனி. கணினிக்குள் நாலாயிரம் பேர் வாழும் கற்பனை ஊர் ஒன்று இருக்கிறது. அவர்களிடம் எதையாவது விற்றுப் பிழைக்க வேண்டும். ஒரு சுற்று என்பது ஒரு மாதம். ஐந்து சுற்றுக்குள் ஏழு கம்பெனிகள் படுத்துவிட்டு மறுபடி எழுந்திருக்கின்றன. புத்தகத்தில் ஒரு வருடம் படித்தாலும் இந்த அடி கிடைக்காது.

நான் மேல்மாடி அறையில், திரைகளுக்கு முன்னால். கீழே லேபுக்குப் போய்த் தலை எண்ணும் வேலையை விட்டுவிட்டேன். மணிக்கட்டில் கட்டும் வருகைப்பட்டையே போதும். காற்று வாரியமும் பட்டைகளைத்தான் எண்ணுகிறது. அறையில் எத்தனை பட்டையோ அத்தனை பேருக்குக் காற்று. காலி அறைக்குக் கிடையாது.

நாள் 60, 11:30
நிறைமதி என்ற மாணவி காளான் கம்பெனி நடத்துகிறாள். நம் கட்டடத்தின் ஏழாம் சுரங்கத்தில் வளர்ப்பதாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். நேரில் பார்த்ததே இல்லையாம். "இடத்தைப் பார்க்காமல் என்ன தொழில்? போய்ப் பார்த்துவிட்டு வா" என்று சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்பினேன். அவள் படிக்கட்டும் என்று சுரங்கத்தின் காற்றுமானியை வகுப்புத் திரையில் சேர்த்து வைத்தேன்.

மாணவர் தூங்கும்போதும் கம்பெனி ஓட வேண்டும் என்பதற்காகப் 'பதிலாள்' நிரலையும் இன்று திறந்துவிட்டேன். மாணவர் முடிவெடுக்கும் விதத்தையும் பேசும் விதத்தையும் படித்து வைத்துக்கொண்டு, அவர் இடத்தில் அது ஆடும். கெட்டிக்கார நிரல். நானே எழுதியது.

நாள் 61, 09:10
ஒரு வகுப்பு தவறினாலும் இறுதிச் சுற்று கிடையாது என்று அறிவித்திருந்தேன். வருகை 12/12. பதினாறு வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை. துறைத்தலைவர் கூப்பிட்டுப் பாராட்டினார். மனசு குளிர்ந்துபோயிற்று.

நாள் 61, 13:40
ஏழாம் சுரங்கம். ஆட்கள்: 0. கரியமில வாயு: 1.9 சதவிகிதம். காலையில் 0.1 இருந்தது. மானி பழுது என்று குறித்துக்கொண்டேன்.

நாள் 61, 14:05
2.8. மானி பழுதானால் முள் தாறுமாறாக ஆடும். இது சீராக ஏறுகிறது. காலிச் சுரங்கத்தில் மூச்சு விடுவது யார்?

நிறைமதிக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில்: "லேப்லதான் சார் இருக்கேன். எட்டாவது ரவுண்டு போயிட்டிருக்கு. என் விலையப் பாத்தீங்களா?" அப்பாடா என்றிருந்தது.

நாள் 61, 14:30
3.6. அவள் ஆட்டப் பதிவைத் திறந்தேன். 11:48 முதல் எல்லா முடிவும் பதிலாள் எடுத்தது. எனக்கு வந்த பதிலும் அது எழுதியதே.

அவள் தோழன் ஜெரால்டுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். "பக்கத்து சீட்லதான் சார் இருக்கா. இப்பதான் தண்ணி குடிக்கப் போனா." சிநேகிதிக்கு வருகை ப்ராக்ஸி கொடுக்கிறான். நானும் கொடுத்தவன்தான். ஆனால் நான் படித்த ஊரில் காற்று இலவசம்.

காற்று வாரியம், அதிகாரி சண்முகவடிவு: "சார், அந்தப் பொண்ணோட பட்டை லேப்ல இருக்கு. ஒரு ஆளை ரெண்டு இடத்துல எண்ண முடியாது. பட்டை இல்லாத எடத்துக்குக் காத்து விட எனக்கு அதிகாரம் இல்ல. எழுதிக் குடுங்க, பாக்கறேன்." அவர்கள் இருக்கும் நகரம் நாற்பது நிமிடத் தூரம்.

என் பட்டை என் கையில் இருக்கிறது. நான் போனால் காற்றும் கூட வரும். கிளம்புகிறேன்.

நாள் 61, 15:05. குரல் பதிவு
சுரங்கக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. காற்று குறைந்தால் அப்படித்தான். பிறகு பட்டை காட்டினால்தான் திறக்கும். காட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கம், கதவை ஒட்டியே கிடந்தாள். நகங்களில் ரத்தம். மூச்சு இருக்கிறது. ஒரு ஆளுக்கான காற்று வருகிறது, இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

லேபிலுள்ள மற்ற பதினொரு பேருக்கும் செய்தி: யாராவது உடனே ஏழாம் சுரங்கத்துக்கு வாருங்கள்.

பதினொரு பதில்கள். "இதோ வர்றோம் சார்." "வந்துட்டேன் சார்." பதினொன்றும் ஒரே நொடியில்.

நாள் 61, 15:22
யாரும் வரவில்லை. லேபிலிருந்து இங்கே நடந்தால் நாலு நிமிடம்.

நிறைமதி கண் திறந்தாள். முதலில் மன்னிப்புக் கேட்டாள். நான் போகச் சொன்ன இடத்துக்குப் போனதற்கு என்னிடம் மன்னிப்பு. பிறகு சொன்னாள்: "அவங்க லேப்ல இல்ல சார். அரங்கத்துல நாடக ஒத்திகை. பட்டைய மேஜைல வச்சிட்டு, பதிலாளைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. எல்லாரும்தான் சார். வருகை போயிடுமேன்னு."

நாள் 61, 15:26
வாரியத்தின் திரையைக் கையடக்கக் கருவியில் திறந்தேன். அரங்கம். ஆட்கள்: 0. காலை 11:30 முதல் காற்று நிறுத்தம். கதவு பூட்டு. எச்சரிக்கை மணி இல்லை, ஆளில்லாத அறைக்கு மணி அடிப்பதில்லை.

கரியமில வாயு 14:50 வரை ஏறியிருக்கிறது. 9.4.
அதன் பிறகு ஏறவில்லை.

நாள் 61, 15:41
அரங்க வாசல். நிறைமதியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன், இங்கே யாரும் கனமில்லை. அவள் அழுகிறாள். நான் கதவில் காது வைத்துக் கேட்டேன். தட்டினேன். பதினொரு பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். இவர்களை யாரும் கொல்லவில்லை, நான் போட்ட வருகை விதிதான் கொன்றது. கொன்றது என்று ஏன் சொல்கிறேன், இன்னும் கதவைத் திறக்கவில்லையே.

15:43
லேபிலிருந்து செய்தி. ஃபர்சானா: "சார், எல்லாரும் முடிச்சிட்டோம். இந்த தடவை யாருக்குமே நஷ்டம் இல்ல. ஒன்பதாவது ரவுண்டு எப்ப தொறப்பீங்க?"
ஜெரால்டு: "சீக்கிரம் சார். எல்லாரும் வெயிட் பண்றோம்."

15:44
பட்டை என் கையில்தான். கதவுக்கு ஒரு சாண் தூரம். கை போக மாட்டேன் என்கிறது.