பகல் பன்னிரண்டு வரை மலை வேண்டாம்

பங்குனி 9, வியாழன்

மேகமூட்டம். வடாம் காயவில்லை, உள்ளே எடுத்தாயிற்று. சாயங்காலம் புதுச்சேரி பஸ்ஸில் பேத்தி நித்யா வந்து இறங்கினாள். கடலுக்கடியில் ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டிப் படிப்பு. எழுத்துப் பரீட்சையில் முதல். அதற்குத்தான் திருமலை வேண்டுதல். நாளை காலை எட்டு மணிக்குத் தரிசனம். பாகாலா நாத்தனாரும் வருகிறாள்.

நித்யா கையில் கட்டம் போட்ட அட்டவணை. எத்தனை அடி, எத்தனை நிமிஷம், எல்லாம் பென்சிலில்.

"ஆயா, காலைல ரெண்டு தபா முங்கினேன். நாளைக்குப் பகல் பன்னெண்டு வரைக்கும் உசரத்துக்குப் போவக் கூடாது. ஒடம்புல அடைஞ்ச காத்து குமிழியா கெளம்பும்."

"கையில கட்டிக்கினு கீறியே, அது இன்னா சொல்லுது?"

"டைவ் கம்ப்யூட்டரா? காலைல ஆறு மணிக்கே போலாம்னுது. மொத முங்கலுக்கு அத கூட்டாளிப் பொண்ணு கட்டிக்கினு போயிட்டா. அதுக்கு என்னோட ரெண்டாவது முங்கல் மட்டும்தான் தெரியும்."

நானும் கூட்டிப் பார்த்தேன். ஐந்தாவதோடு நின்றாலும் கூட்டல் தப்பாது. அவள் போட்டது சரி.

பங்குனி 10, வெள்ளி

போனோம். நான்தான் காரணம். "அவ்ளோ வெல குடுத்த மிஷினு பொய் சொல்லுமா? காயிதத்த மடிச்சி வை" என்றேன். நாத்தனார் எதிரில் பேத்தியைக் காட்டும் ஆசை.

"நீ இவ்ளோ ஆசப்படறியே" என்று மட்டும் சொல்லி வண்டி ஏறினாள்.

வரிசையில் நிற்கும்போதே நித்யாவுக்கு முழங்கை வலி. பிறகு விரல் மரத்தது. தரிசனம் இல்லை. கீழே திருப்பதி ஆஸ்பத்திரி, ஆக்சிஜன். டாக்டரம்மா, "பயபடகண்டி அவ்வா, தக்கிப்போதுந்தி" என்றாள். பயப்பட வேண்டாம், குறைந்துவிடுமாம்.

சனி

வலி குறைந்தது. இரண்டு இட்லி தின்றாள். பயிற்சி சார் போன்.

"கூட்டறதுல தப்பு பண்ணிட்டேன் சார்" என்கிறாள் நித்யா.

எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினேன். "எம்பேத்தி கணக்குல தப்ப மாட்டா சார். சரியாத்தான் போட்டா, நானே பாத்தேன். நான்தான் இட்டுக்கினு போனேன்."

அதற்கு சார், "தப்பாக் கூட்டியிருந்தா திரும்பக் கத்துக் குடுத்திருப்பேன் பாட்டிம்மா. தெரிஞ்சே ஏறினவள நம்பி எப்படி நாலு பேரக் கடல்ல அனுப்புறது?"

நித்யா போனைத் திருப்பி வாங்கவில்லை. சுவர்ப் பக்கம் படுத்துக்கொண்டாள்.

ஞாயிறு

நல்ல வெயில். வடாம் காயப் போட்டேன். நித்யா இன்று திரும்ப வேண்டிய புதுச்சேரி பஸ்ஸில் ஏறவில்லை. என்னிடம் பேசவும் இல்லை.

அவள் கணக்குப் போட்ட தாள் என் பையில் இருந்தது. இன்னொரு தரம் கூட்டினேன். சரியாகத்தான் வருகிறது.