தலைகீழாக ஒட்டிய ஓவியம்

ஷாவ்ஷிங்,
பிளம் பழுக்கும் காலத்து மழை பிடித்துக்கொண்ட வாரம்

பாரிஸில் இருக்கும் ரோங்பின் அவர்களுக்கு, அன்பும் கொஞ்சம் கோபமுமாக யீசென் எழுதுவது.

நாங்கள் நலம். அங்கே உங்களுக்குச் சோறு கிடைக்கிறதா, இன்னும் ரொட்டிதானா? இங்கே விடாத மழை. துணி காய்வதில்லை, சுவரெல்லாம் பூசணம். காலையில் ஜன்னலைத் திறந்தால் கால்வாய் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை. படகுகள் மூடுபனிக்குள் மிதந்து போகின்றன. பார்த்துக்கொண்டே நின்று நேற்று கஞ்சியை அடிபிடிக்க விட்டுவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய ஓவியம் கசங்காமல் வந்தது. பின்தாள் ஒட்டிச் சுருளாக்கித் தரும்படி பாலத்தடி பெங் அண்ணனிடம் கொடுத்தேன். ஈரத்தோடு பலகையில் ஒட்டிக் காயவிட்டிருந்தார். பார்க்கப் போனபோது உங்கள் அப்பாவும் கூடவே வந்தார். வழியெல்லாம் கேலிதான். "மையைக் கொட்டுறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம வீட்டுப் பூனை இங்கேயே கொட்டுதே" என்றார்.

ஓவியத்தின் முன்னால் வந்ததும், ஆயுள் முழுக்க மூங்கிலும் ஆர்க்கிட் பூவும் இலக்கணம் தவறாமல் வரைந்தவர், குடையை மடக்கக்கூட மறந்து நின்றார். பிறகு மெதுவாக, "இது நம்ம வடக்குத் துறைதான். பனியில அக்கரை தெரியாது, இருக்குன்னு மட்டும் தெரியும். பய அதைப் பிடிச்சுட்டானே" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வர நீங்கள் எத்தனை காலம் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன். மேலே கரிய மலை, கீழே வெறும் வெள்ளை என்றல்லவா எழுதியிருந்தீர்கள்? இங்கே கறுப்பு கீழே கரையாகக் கிடக்க, வெள்ளை மேலே பனியாக நின்றது. பெங் அண்ணன் தலைகீழாக ஒட்டிவிட்டார். கேட்டால் என்மேலேயே பாய்கிறார். "கையெழுத்து இல்ல, முத்திரை இல்ல. தலை எது கால் எதுன்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது? ஓவியர் வீட்டம்மா, நீங்களே சொல்லுங்க" என்கிறார். அவர் கேட்டதும் நியாயந்தான். அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

கையெழுத்தில்லாததை முதலில் உங்கள் புதுப் பாணி என்றுதான் நினைத்தேன். எந்தக் கட்டும் வேண்டாம் என்பவர், இதையும் விட்டுவிட்டீர்கள் போலும் என்று. ஆனால் எவ்வளவு கட்டறுத்து வரைந்தாலும் ஓரத்தில் பெயரும் பருவமும், வரைந்த ஊரும் எழுதாமல் நீங்கள் தூரிகையைக் கழுவியதில்லை. "மழைக்காலம், ஷாவ்ஷிங் வீட்டில்" என்றுதான் எப்போதும் எழுதுவீர்கள். அங்கேயே தங்கிக் கற்பிக்கும்படி அழைக்கிறார்கள், யோசிக்கிறேன் என்று போன கடிதத்தில் எழுதினீர்கள். எந்த ஊரை எழுதுவது என்று தெரியாமல்தான் இந்த முறை விட்டுவிட்டீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, ரோங்பின்.

ஆனாலும் அந்தப் பனியைப் பார்க்கும்போது, அங்கே உட்கார்ந்துகொண்டு உங்களை அறியாமலே இந்தத் துறையைத்தான் வரைந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இது என் ஆசையாகவும் இருக்கலாம்.

நனைத்து எடுத்துத் திருப்பி ஒட்டட்டுமா என்று பெங் அண்ணன் கேட்டார். வேண்டாம், வரைந்தவரே வந்து பார்த்துச் சொல்லட்டும் என்றேன். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று பெங் அண்ணன் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கை அதன் போக்கில் போகட்டும், அதை நான் ஒருநாளும் பிடித்து நிறுத்தமாட்டேன். என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சமாதானம் சொல்லி நீளமாக எழுத வேண்டாம். ஒரு தாளில் ஊரின் பெயரை மட்டும் தூரிகையால் எழுதி அனுப்புங்கள். அது கடல் தாண்டாமல் நான் நடந்தே போய்த் திரும்பக்கூடிய ஊராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,

உங்கள்
யீசென்